வேலை செய்யக் கூடாத முதலாளி

நியூ ஜெர்சியின் ஜர்னல் ஸ்குவேரில் மன்ஹாட்டன் ரயில் ஏறிய காலையில், காதில் விழுந்த முதல் பேச்சே என்னைத் திரும்பிப் பார்க்க வைத்தது.

"நான் ஆரம்பிக்கற டாட் காம் கம்பெனிக்கு நானே முதலாளி ஆகலாமாம் மாப்ளே, வேலை மட்டும் செய்யக் கூடாதாம். லாயர் சொல்லிட்டார்."

சொன்னவர் டை கட்டியிருந்தார். எதிரே நின்ற நண்பர் சிரிக்காமல் கேட்டார்.

"நம்ம ஊர்ல எந்த முதலாளிடா வேலை செய்யறான்?"

"விளையாடாதே. பேங்க் வேலையை விட்டா என் விசா போயிடும். என் பொண்டாட்டி ஜெசிந்தாவோட நர்ஸ் விசாவுல ஒட்டிக்கணும். அதுல கம்பெனி வெச்சுக்கலாம், உழைக்கத்தான் கூடாது."

"சரிதான். இங்க காரும் ஆட்டோமேட்டிக், கம்பெனியும் ஆட்டோமேட்டிக்."

"பயமா இருக்குடா."

"பயமா இருந்தா விட்டுத் தொலையேன். இன்னும் ரிசைன் பண்ணலையே?"

"இன்னிக்குப் பண்ணித்தான் ஆகணும். மச்சான் கல்யாணப் பத்திரிகையில மாமனார் என் பேருக்குக் கீழே 'தொழிலதிபர், அமெரிக்கா'ன்னு போட்டுட்டார். ஊர் பூரா குடுத்தாச்சு."



"பத்திரிகையிலேயே வந்துடுச்சா? அப்போ எந்த லாயராலயும் காப்பாத்த முடியாது."

அவர்கள் இறங்க வேண்டிய இடம் வந்தது. டை கட்டியவர் எழுந்திருக்கவில்லை. நண்பர் குனிந்து அவருடைய பையை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

"வாங்க தொழிலதிபரே. பையை நான் தூக்கறேன். நீங்க வேலை செய்யக் கூடாது."