நிமியாவோட பாஸ்வேர்டு

இல்லங்க பெர்லா, தப்பா எடுத்துக்காதீங்க. என் பாஸ்வேர்டத் தர மாட்டேன். உங்களுக்குன்னு கணக்கு வர்ற வரைக்கும் சும்மா உக்காந்திருங்க. முதலாளி கேட்டா, இந்த டெர்லிஸ் தரலன்னு சொல்லுங்க.

சிரிக்காதீங்க. ஒரே உறிஞ்சியில ஆறு பேரு இந்த மூலிகைத் தண்ணி, தெரெரே, குடிக்கிறோம், இதுக்கு மட்டும் என்னன்னுதானே? இந்தாங்க, ஐஸ் கரையுறதுக்குள்ள குடிங்க. நன்றின்னு மட்டும் சொல்லிடாதீங்க, சொன்னா இனி வேணாம்னு அர்த்தம், அதோட உங்களுக்கு ஊத்த மாட்டேன்.

இது நிமியா அக்கா நாற்காலி. ஒன்பது வருஷம். யாரையும் திட்டாதவங்க, அடுத்தவங்க எழுதின நிரல் பொதிகள இறக்குற கம்போசர்ல அப்டேட் அடிச்சா மட்டும் பொரிஞ்சு தள்ளுவாங்க. இன்ஸ்டால் அடிச்சா லாக் ஃபைல்ல இருக்குற அதே பதிப்பு வரும். அப்டேட் அடிச்சா அது இஷ்டத்துக்கு மாத்தும். உங்களுக்குத் தெரியாததா.

ஆமா, டயாலிசிஸ் பண்ணிக்கிற நோயாளிங்களுக்கு நேரம் சொல்லி மெசேஜ் போகும், அந்த வேலதான். போன மார்ச்ல, கலர் கலரா வரைபடம் காட்டணும்னாரு முதலாளி. அதுக்கொரு பொதியச் சேத்து அப்டேட் அடிச்சாச்சு. அதுக்கு ஒத்துப்போக, தேதி, நேரம் பாக்குற பொதி சத்தமில்லாம பழைய பதிப்புக்கு இறங்கிடுச்சு. நம்ம நாட்டுல மார்ச் கடைசியானா கடிகாரத்த ஒரு மணி நேரம் பின்னால தள்ளுற பழக்கத்த விட்டாச்சுல்ல? அந்தப் பழசுக்கு அது தெரியாது.

நிரலச் சோதிக்கிற டெஸ்ட் எழுதலையாவா? எழுதினது அக்காவேதான்! அதான் வயிறு எரியுது. நூத்திப் பதினேழுல ஒண்ணே ஒண்ணு தோத்து சிவப்பாச்சு. ஆறு மணின்னு வரணும், அஞ்சுன்னு வருதுன்னு தெளிவாச் சொல்லிச்சு. முதலாளி என்னான்னாரு தெரியுமா? பத்து மணிக்கு ஆஸ்பத்திரிக்காரங்க வர்றாங்க, எல்லாம் பச்சையா இருக்கணும். அவ்ளோதான். அந்த டெஸ்ட்ட ஒதுக்கி வைன்னு ஒரு வரி. பச்சையாயிடுச்சு.

மாசக் கடைசியில, முப்பத்தெட்டு பேரு அஞ்சு மணிக்கே வந்து பூட்டின கேட் முன்னால மழையில நின்னாங்க. ஒரு அம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு போச்சு.

விசாரணையில அந்த வரி யார் போட்டதுன்னு பாத்தாங்க. நிமியான்னு இருந்துச்சு. அவங்க அன்னிக்கு லீவு. வீட்லேர்ந்து போட்டிருப்பாங்கன்னுட்டாரு முதலாளி, வாய் கூசாம. அக்கா ஒண்ணும் பேசல. பைய எடுத்துட்டுப் போயிட்டாங்க.

ஏன் பேசலயா?

அப்ப நான் சேந்து மூணு வாரம். உங்கள மாதிரிதான், கணக்கு வரல. அக்காகிட்ட அவங்க பாஸ்வேர்டக் கேட்டேன். யோசிக்கவே இல்ல, ஒரு சீட்டுல எழுதிக் குடுத்தாங்க. விசாரணையில என்னையே பாத்துட்டிருந்தாங்க, நானா சொல்லுவேன்னு. அம்மா பஸ் ஸ்டாண்டுல சிபா ரொட்டி வித்துதாங்க என்னப் படிக்க வச்சுது. எங்க வீட்ல காலேஜ் முடிச்சது நான் ஒருத்தன்தான். நான் தரையப் பாத்துட்டு நின்னேன்.

குடிச்சாச்சா? குடுங்க, இன்னொரு தடவ ஊத்துறேன்.

நன்றியா?

சரிங்க.