கடைக்குள் போட்டுப் பார்த்த கையுறை

கையுறை வாங்க வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். கடைக்குள் அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்போது போட்டுப் பார்க்கிறார்கள். விரலை மடக்கி நீட்டி, "கச்சிதமா இருக்கு" என்று சொல்லி வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். கச்சிதம் கல்யாணச் சட்டைக்குச் சரி. வேட்டைக்குப் போகிறவன் கையுறையில் விரல் நுனிக்கு அப்பால் கொஞ்சம் இடம் காலியாக இருக்க வேண்டும். அங்கே நிற்கிற காற்றுதான் சூட்டைப் பிடித்துவைக்கும். இறுக்கமாக இருந்தால் ரத்தம் நுனிவரை போகாது. நீங்கள் மேசைமேல் கழற்றி வைத்திருக்கிறீர்களே, அதுவும் அப்படித்தான், ஐயா. மாவட்டத் தலைநகரில் ஜீப்பிலிருந்து இறங்கிப் போலீஸ் நிலையத்துக்குள் போக அது போதும். எங்கள் ஊர்க் குளிருக்குப் போதாது.

தைத்துக்கொண்டே பேசுகிறேன், தப்பாக நினைக்காதீர்கள். என் கை சும்மா இருக்காது. பக்கத்து அறையில் நடக்கிறானே, அவனுக்குக் கால் சும்மா இருக்காது. கேட்கிறதா? சன்னல்வரை போவான், திரும்பிக் கதவுவரை வருவான். முதல் பனி விழுந்ததிலிருந்து இதே நடைதான். எனக்கும் அந்தச் சத்தத்தில் ஊசி தடுமாறுகிறது, அடுப்பில் கட்டை போட்டோமா என்று திரும்பத் திரும்ப எழுந்து பார்க்கிறேன்.

அவன் கவ்ரீல், என் தம்பி. அம்மா போனபோது அவனுக்குப் பால் பல்கூட விழவில்லை. அப்பாவை ஆறு கொண்டுபோய்விட்டது. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வளர்த்தேன் என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எனக்கு வந்த வரன்களையெல்லாம் தட்டிக்கழித்தேன். இந்த ஒக்தியாப்ரினாவுக்கு எந்த மாப்பிள்ளையும் அளவு சரியில்லை என்று கேலி பேசினார்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை. வீட்டில் ஓர் ஆள் இருந்தான், அது போதுமாக இருந்தது.

போன குளிர்காலத் தொடக்கத்தில் பள்ளிக்கூடத்துக்கு குன்னேய் என்ற பெண் ஆசிரியையாக வந்தாள். உங்களிடம் புகார் கொடுத்தாளே, அவளேதான். நல்ல பெண். சிரித்தால் வாய் முழுக்கச் சிரிப்பாள். ஒருநாள் இரவுச் சாப்பாட்டுக்கு அவளை அழைத்து வந்தான். நான் உறைந்த மீனைச் சீவிச் சீவித் தட்டில் வைத்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, சுரங்கத்துல லாரி ஓட்ட ஆள் எடுக்கறாங்களாம்," என்றான். "இவங்க அண்ணன் சொல்லி வச்சிருக்காரு. ஆறு நல்லா உறைஞ்சு பனிப்பாதை திறந்ததும் போயிடலாம்னு இருக்கோம்."

"இருக்கோமா? அது யாரு யாரு?"

"நானும் இவளும்தான். ஏன், நீயும் வாயேன்."

"வந்து? அங்க இருக்கற லாரிக்கெல்லாம் கையுறை தைக்கவா?"

"உங்களுக்கு அங்கயே ஒரு கடை வச்சுக் குடுத்திடலாம் அண்ணி," என்று சிரித்தாள் குன்னேய். "இவரு கையால முதல் போணி."

நானும் சிரித்தேன். ஆனால் அந்த 'வாயேன்', சாப்பிட்டு முடித்தபின் நாய்க்குப் போடுகிற மீன் தலை மாதிரி விழுந்தது. பொறாமையா என்று கேட்டால் ஆமாம், பொறாமைதான். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை.

கொஞ்ச நாள் கழித்துக் கடைக்கு வந்தான். "அக்கா, அந்தப் பக்கம் சும்மா ஒரு எட்டுப் போய்ப் பாத்துட்டு வரலாம்னு இருக்கேன்," என்றான். கல்யாணக் கறிக்குக் காட்டு மான் அடிக்கப் போகிறான் என்று எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் பக்கம் வேட்டைக்குப் போகிறேன் என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். காட்டுக்கு எஜமானரான பயனாய் என்ற தெய்வத்தின் காதில் விழுந்தால் மிருகம் கண்ணில் படாது. போகிறவனிடம் எங்கே போகிறாய், எப்போது வருவாய் என்று கேட்பதும் வழக்கம் இல்லை.

"பழைய கையுறை நைஞ்சு போச்சு. வெதுவெதுன்னு ஏதாவது எடுத்துக் குடு," என்றான்.

அவன் பிறந்ததிலிருந்து தனக்கென்று ஒரு கையுறைகூடத் தானே பார்த்து எடுத்ததில்லை. நான் கொடுத்ததைப் போட்டுக்கொள்வான். உள்ளே என்ன துணி என்று திருப்பிப் பார்க்கவும் மாட்டான். அலமாரியில் அவன் அளவில் நல்ல கம்பளிக் கையுறை இருந்தது. நான் எடுத்தது பக்கத்தில் இருந்ததை. கறுப்புத் தோல், பார்க்க அம்சமாக இருக்கும். உள்ளே பருத்தித் துணி. பருத்தி வெயில் நாட்டுக்காரர்களுக்குத் தங்கமான துணி என்கிறார்கள். இங்கே அது ஈரத்தைக் குடித்துவிட்டு விடவே விடாது. அளவும் அவனுக்கு ஒன்று கீழே. அடுப்புப் பக்கத்தில் நிற்கவைத்து நானே மாட்டிவிட்டேன்.

"அடேயப்பா, கதகதன்னு இருக்குக்கா," என்றான்.

அதற்கு மேல் போட்டுக்கொள்ள மான் கால்தோலில் நான் தைத்துக் கொடுத்த பை போன்ற உறை ஒன்று அவனிடம் இருந்தது. எங்கள் வேட்டைக்காரர்களுக்குத் தைக்கும்போது உள்ளங்கைப் பக்கம் ஒரு கீறல் விடுவோம். சுடும்போது அதன் வழியே கையை வெளியே நீட்டி, சுட்டதும் உள்ளே இழுத்துக்கொள்ளலாம். முழுதாகக் கழற்ற வேண்டியதே இல்லை. அதில் காற்று நுழைகிறது என்று ஒருமுறை முணுமுணுத்தான். அதனால் கீறலை மூடித் தைத்தேன். பொடித் தையல். அவ்வளவு நேர்த்தியாக நான் அதற்கு முன்பு தைத்ததில்லை.

"என்னக்கா, வாசலை அடைச்சுட்ட?" என்று கேட்டான்.

"காத்து வருதுன்னு நீதானே அழுத? இப்ப வராது, போ."

அவன் கிளம்பிய காலையில் வெண்ணெய் தடவிய அப்பத்தை அடுப்பு நெருப்புக்குக் கொடுத்துப் பயனாயிடம் வேண்டிக்கொண்டேன். நான் கேட்டது கொஞ்சம்தான், ஐயா. வலது ஆள்காட்டி விரல், அதுவும் நுனி மட்டும். விரல் குறைந்தவனைச் சுரங்கத்தில் லாரியில் ஏற்ற மாட்டார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். வேலை இல்லையென்றால் பயணம் இல்லை. ஒரு விரல் நுனியை வைத்துக்கொண்டு யாருக்கு என்ன ஆகிவிடப்போகிறது? வாசலில் அவன் பனிவண்டியை முடுக்கியபோது ஒரு நொடி எனக்கு மனசு கேட்கவில்லை. ஆனால் புறப்பட்டுவிட்டவனைத் திரும்பக் கூப்பிடுவது அபசகுனம். நான் வழக்கத்தை மீறவில்லை.

மறுநாள் பொழுது சாயும்போது மானோடு வந்தான். நடந்ததை அவனே பிறகு சொன்னான். சுடுவதற்கு உறையை முழுதாகக் கழற்றியிருக்கிறான். மான் உறைந்து கட்டையாகிவிடும் முன் வெறும் கையால் வயிற்றைக் கிழித்துக் குடலை எடுத்திருக்கிறான். ஈரக் கையைப் பனியில் துடைத்துவிட்டு அந்தக் கறுப்புக் கையுறைக்குள் திணித்திருக்கிறான். பிறகு வழி முழுக்க வண்டியின் பிடியை இறுக்கிக்கொண்டு வந்திருக்கிறான். முதலில் வலித்ததாம். அப்புறம் வலி நின்றுவிட்டதாம். கையுறை சூடு பிடித்துவிட்டது, அக்கா எடுத்துக் கொடுத்தது என்றால் சும்மாவா என்று நினைத்துக்கொண்டானாம்.

வாசலில் நின்று இரண்டு கையையும் நீட்டினான். "கழட்டி விடுக்கா. இது என் கையாவே இல்ல."

கழற்றினேன். மெழுகுவத்தி நிறத்தில் இருந்தது, பத்து விரலும்.

எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். உங்களுக்கு எழுதிக் கொடுத்ததிலும் அப்படித்தான் இருக்கும். அது பொய். எனக்குக் கை நன்றாகவே ஓடியது. வாளி நிறையப் பனி அள்ளிவந்து அவன் விரல்களைத் தேய்த்தேன். மரத்துப்போன கையைப் பனியால் தேய்க்கக் கூடாது, வெதுவெதுப்பான நீரில் வைக்க வேண்டும் என்று நர்ஸ் அன்ஃபீசா படம் போட்டு ஒட்டிய தாள் என் கடைச் சுவரில்தான் இருக்கிறது. ஒட்டப் பசை கொடுத்ததே நான். அந்த அன்ஃபீசாவின் வீடு எதிர்ச்சாரியில். எங்கள் சன்னலிலிருந்து அவள் விளக்கு தெரிந்தது.

"அன்ஃபீசாவைக் கூப்பிடுக்கா."

"ஆள் அனுப்பியிருக்கேன். ஆடாம இரு."

யாரையும் அனுப்பவில்லை. தேய்த்தேன். நடுவில் பால் விட்டு டீ போட்டு, கோப்பையை அவன் உதட்டில் வைத்துக் குடிக்கவைத்தேன். சின்ன வயதில் குடித்த மாதிரியே மூக்கால் ஊதி ஊதிக் குடித்தான். அவனை அவ்வளவு பக்கத்தில் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. கறி வந்ததா என்று பார்க்க குன்னேய் வந்தாள். வந்தவள் ஒரு பார்வை பார்த்துவிட்டு, கோட்டுகூடப் போடாமல் எதிர்வீட்டுக்கு ஓடினாள். அவள் மட்டும் அன்று வராமல் இருந்திருந்தால் நான் இன்னும் தேய்த்துக்கொண்டிருந்திருப்பேன் என்று நினைக்கிறேன்.

மருத்துவமனையில் வலது கட்டைவிரலில் பாதியைத்தான் காப்பாற்ற முடிந்தது. நான் கேட்டது ஒரு நுனி. பயனாய் தாராளமானவர், அவர் கொடுப்பதை நாமா அளந்து வாங்க முடியும்?

இந்த ஒரு வருஷத்தில் நாங்கள் குறைவில்லாமல் இருந்தோம், ஐயா. காலையில் சட்டைப் பொத்தான் போட்டுவிடுவேன். சூப்பை ஆற்றி ஊட்டுவேன். கைக்குழந்தையாக இருந்தபோது வாயைத் திறப்பானே, அதேபோலத் திறப்பான். முதலில் தலையைத் திருப்பிக்கொண்டான், பிறகு பழகிவிட்டது. வீடு நிறைந்திருந்தது.

குன்னேய் ஊரைவிட்டுப் போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். போகவில்லை. "விரலையா கட்டிக்கப் போறேன்?" என்று என் முகத்துக்கு நேராகவே கேட்டாள். பட்டணத்தில் அவனுக்குச் செயற்கைக் கை பொருத்தலாம் என்று விசாரித்து வைத்திருக்கிறாளாம். கொட்டகையில் கிடந்த கையுறையையும் உறையையும் அவள்தான் கண்டெடுத்தாள். உள்ளே இருந்த அளவுச் சீட்டைப் பார்த்தாள், கீறலில் இருந்த தையலைத் தடவிப் பார்த்தாள்.

"ஊருக்கே கையுறை எடுத்துக் குடுக்கறவங்க நீங்க. இது எப்படி அண்ணி தப்பாப் போச்சு?"

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. நேரே உங்களிடம் வந்துவிட்டாள்.

ஆமாம், நான்தான் செய்தேன். கையுறை, தையல், பனி, அனுப்பாத ஆள், எல்லாமே நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

நடை நின்றுவிட்டது, கவனித்தீர்களா? கதவு ஓரத்தில்தான் நின்றது. படுக்கப் போயிருப்பான். பாவம், களைத்திருப்பான்.

நான் கோட்டைப் போட்டுக்கொள்கிறேன். கிளம்பும் முன் ஓர் உபகாரம். பனிப்பாதை திறந்ததும் அவனும் குன்னேயும் பட்டணத்துக்குக் கிளம்பிவிடுவார்கள். வழியில் வண்டி நின்றால் பனியில் இறங்கி நடக்க வேண்டிவரும். புது பூட்ஸ் வேண்டும் என்று போன வாரம் கேட்டான். இந்தக் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன், மான்தோல், நானே பார்த்து எடுத்தது. அடுப்புப் பக்கத்தில் உட்காரவைத்து, மெல்லிய சாக்ஸோடு நானே மாட்டிவிட்டேன். கச்சிதமாக இருக்கிறது என்றான். மறக்காமல் அவனிடம் கொடுத்துவிடுங்கள், ஐயா. அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே குளிர் தாங்காது.