பயிற்சியாளர் தேவதாஸ் மீது நாம் கொடுத்த மனு

மேடையில் வீற்றிருக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, முன்வரிசையில் துயரத்தோடு அமர்ந்திருக்கும் வசந்தா தேவதாஸ் அம்மையாரே, மைதானத்தின் மேற்குப் படிகளில் என்னோடு நின்று கத்திய ரசிகப் பெருமக்களே! கனத்த நெஞ்சோடு வணங்குகிறேன்.

முதலில் ஒரு திருத்தம். எனக்குப் பின்னால் கட்டியிருக்கும் பதாகையில், பயிற்சியாளர் தேவதாஸ் 1981இல் பணியேற்றதாக இருக்கிறது. தவறு. 1982 ஜூலை 6, செவ்வாய்க்கிழமை. மறைந்த பிறகாவது அவரைப் பற்றிச் சரியாக எழுதுவோம்.

இருபத்துநான்கு ஆண்டுகள்! கோரிமேட்டிலிருந்தும் பிள்ளைச்சாவடியிலிருந்தும் வந்த பிள்ளைகளை ஒரு கால்பந்து அணியாக்கியவர் யார்? உடற்கல்வி ஆசான் தேவதாஸ்! ஆட்டத்தன்று காலை பதினொருவர் பெயரைத் தகவல் பலகையில் ஒட்டுவார். பசை காய்வதற்குள் நாம் வாய்ப்பேச்சிலேயே வேறோர் அணி அமைத்துவிடுவோம்.

2006 அக்டோபர் 14, சனிக்கிழமை. கல்லூரிகளுக்கிடையிலான இறுதியாட்டம். நாம் ஒரு கோல் முன்னிலை. அந்தக் கோலை அடித்த முதஸ்ஸிரை அறுபத்தொன்றாம் நிமிடத்தில் அவர் வெளியே அழைத்தார். இரண்டுக்கு ஒன்று என்று தோற்றோம். அன்று தேநீர்க் கடையில் பேசியதை மறந்துவிட்டீர்களா?

“கோல் போட்டவனையே உக்கார வைக்கிறாரே, இவரு நம்ம கோச்சா, எதிர் டீம் ஆளா?” என்றார் கன்னியப்பன்.

“சாயங்கால பிராக்டிஸ விடிகாலைக்கு மாத்துனப்பவே நெனச்சேன், மனுசனுக்கு வயசாயிடுச்சு” என்றார் சாமிக்கண்ணு.

“பேசிக்கினே இருந்தா ஆச்சா? எழுதுங்க சார்!” என்று என்னைத் தூண்டினார்கள். தூண்டினார்கள் என்பதும் சரியன்று. காகிதம் ஏற்கெனவே என் கையில் இருந்தது.

அக்டோபர் 16, அவரை நீக்கக் கோரிக் கல்லூரிக்கு மனு. நாற்பத்துமூன்று கையெழுத்துகள். முதல் கையெழுத்து என்னுடையது. விளக்கம் கேட்கப்பட்டபோது, ‘முடிவு என்னுடையது’ என்று ஒரே வரி எழுதிக் கொடுத்தார். ஜனவரி 2, அணி அவர் கையைவிட்டுப் போயிற்று. அதிலிருந்து அறுபதாம் நாள், மார்ச் 3, அவரும் போய்விட்டார். மாரடைப்பு என்று மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். அதற்குமேல் ஏதும் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

இறுதிச் சடங்கன்று முதஸ்ஸிர் என்னிடம் வந்தான்.

“அன்னிக்கு நான் நோன்பு சார். கண்ணு இருட்டிக்கினு வந்துச்சு. அவருதான் பாத்துட்டு வெளிய கூப்ட்டாரு. ஆட்டம் முடிஞ்சப்புறம், ‘யார்கிட்டயும் சொல்லாத. தோத்ததுக்கு உன் நோன்பக் காரணம் காட்டுவானுங்க. என்னையே திட்டிட்டுப் போவட்டும்’னு சத்தியம் வாங்கிட்டாரு.”

அவையோரே! அன்று ரமலானின் இருபதாம் நோன்பு. நோன்பிருக்கும் பிள்ளைகளின் உடலில் தெம்பு இருக்கும் நேரம் விடியற்காலை. அதனால்தான் பயிற்சி மாறியது. தேதியில் பிழை பொறுக்காத நான், அது எந்த மாதம் என்று எண்ணிப் பார்த்தேனா? நம்மில் ஒருவராவது அவரிடம் நேரில் போய்க் கேட்டோமா?

நேற்று அம்மையாரின் இல்லம் சென்று, மனுவைத் திரும்பப் பெறுகிறோம் என்றேன்.

“இப்ப எதுக்குங்க? அவரு இருந்தப்ப வந்திருக்கலாமில்ல?” என்றார்.

அவர் கேட்டது நியாயம்.

ஆயினும் உறுதி கூறுகிறேன். நாளை, மார்ச் 19, காலை பத்து மணிக்கு, நம் தவற்றை ஒப்புக்கொள்ளும் கடிதம் கல்லூரி அலுவலகத்தில் சேரும். ஏப்ரல் 7 ஆட்டத்துக்கு முன் மேற்குப் படிகளில் அதை நானே உரக்க வாசிப்பேன். அடுத்த ரமலான் செப்டம்பரில் வருகிறது. பயிற்றுவிப்பவர் எவராயினும், விடியற்காலைப் பயிற்சி நிற்காதபடி நாம் பார்த்துக்கொள்வோம்.

கடிதம் அந்த மேசையில் இருக்கிறது. நாற்பத்துமூவரில் நாற்பதுபேர் இங்கே இருக்கிறீர்கள். என் பின்னால் வரிசையாக வாருங்கள். அம்மையாரின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.