மாப்பிள்ளைக்கு இருமலே வராது

மாமனார்: யாரைப் பார்த்து என்ன கேள்வி கேக்கறீங்க டாக்டரம்மா? எங்க மாப்பிள்ளை சிகரெட் பிடிப்பாரா? டீக்கடைப் பக்கம் தலை வெச்சுக் கூடப் படுக்காதவர்.

டாக்டர்: கேள்வி அவருக்கு, ஐயா. நான் மயக்க மருந்து கொடுக்கப் போறதும் அவருக்குத்தான்.

மாமனார்: அடுத்த மாசம் என் பொண்ணைக் கட்டிக்கப் போறவர். அவருக்குப் பதில் நான் சொல்லக் கூடாதா?

டாக்டர்: சரி. இருமல் உண்டா?

மாமனார்: இருமலா? அவர் தும்மினாக் கூட பக்கத்துல இருக்கறவனுக்குக் கேக்காது.

டாக்டர்: தம்பி, நீங்க சொல்லுங்க.

மாப்பிள்ளை: அது வந்து... மாமா சொன்னா சரியாத்தான்...

டாக்டர்: இங்க பாருங்க. ஆணி தெறிச்சுக் கண்ணு கிழிஞ்சிருக்கு. தூங்க வெச்சுத் தொண்டையில குழாய் விடும்போது நீங்க இருமினா, கண்ணுக்குள்ள அழுத்தம் சட்டுனு எகிறும். உள்ள இருக்கறது அந்தக் கிழிசல் வழியா வெளியே வந்துடும். அப்புறம் தையல் போட்டு என்ன, போடாம என்ன.

மாமனார்: அதான் அவர் இருமவே...

டாக்டர்: புகை பிடிச்ச தொண்டை சொன்ன பேச்சு கேக்காது, ஐயா. முன்னாடியே தெரிஞ்சா இன்னும் ஆழமாத் தூங்க வெப்பேன், தொண்டையை மரத்துப்போக வெப்பேன், தலையைக் கொஞ்சம் உசத்தி வெப்பேன். முழிக்கும்போதும் இருமாமப் பார்த்துக்குவேன். தெரியலைன்னா...

மாப்பிள்ளை: மாமா, ஒரு நிமிஷம் வெளியே போறீங்களா?

மாமனார்: எதுக்கு? திரைக்கு அந்தப் பக்கம் உங்க அத்தை உக்காந்திருக்கா. உள்ள என்ன பேசினாங்கன்னு குடைஞ்சு எடுப்பா. நான் இங்கயே இருக்கேன்.

மாப்பிள்ளை: அப்போ கேட்டுக்கங்க. பிடிப்பேன் டாக்டர். தினமும். காலையில ஒரு பாட்டம் இருமிட்டுத்தான் பல்லே தேய்ப்பேன்.

மாமனார்: அடப்பாவி... என் குடும்பத்துல போய்...

டாக்டர்: மெதுவா, ஐயா.

மாமனார்: மெதுவா என்ன மெதுவா? வெளியே இருக்கறவளுக்கும் கேக்கட்டும். இந்தக் கல்யாணம் நடக்காது.

மாப்பிள்ளை: நடக்காட்டிப் போகுது மாமா. கண்ணு இருந்தாத்தானே பொண்ணைப் பார்க்க.

டாக்டர்: இவ்வளவு நேரத்துல இப்பத்தான் உருப்படியா ஒரு பேச்சு வந்திருக்கு. ஸ்ட்ரெச்சரைத் தள்ளுங்க.

*

டாக்டர்: அட, நம்ம ஆணிக்காரர். கட்டெல்லாம் பிரிச்சு மாசக்கணக்காச்சே, பார்வை எப்படி?

மாப்பிள்ளை: பொடி எழுத்தெல்லாம் படிக்கிறேன் டாக்டர். நீங்க என்னை இருமவே விடலையாமே.

டாக்டர்: குழாய் உள்ள போனதும் உங்களுக்குத் தெரியாது, வெளியே வந்ததும் தெரியாது. அந்தப் பொண்ணுதான் பாவம்... கல்யாணம் நின்னு போச்சுல்ல?

மாப்பிள்ளை: எங்க நின்னுது? நடந்து, தனிக்குடித்தனமும் வந்தாச்சு. சிகரெட்டையும் விட்டுட்டேன்.

டாக்டர்: அந்தக் குதி குதிச்சாரே மனுஷன். எப்படி மசிஞ்சார்?

மாப்பிள்ளை: அத்தை காதுல விழறதுக்காகக் குதிச்ச குதி அது. தினமும் மொட்டைமாடியில எனக்குப் பத்த வெச்சு விட்டதே அவர்தான் டாக்டர். இப்பவும் சாயந்தரமானா எங்க வீட்டு பால்கனியில ஊதிக்கிட்டு நிக்கறார்... ‘மாப்பிள்ளை கண்ணுக்கு மருந்து விட்டுட்டு வரேன்’னு அத்தைகிட்ட சொல்லிட்டு.