ஜூன் மாசத்துப் பசு

வேணாம்க்கா, தண்ணி கூட வேணாம். நின்னுக்கறேன், பரவால்ல. காலண்டர் அச்சாகி வந்துடுச்சு, நேர்ல குடுத்துட்டுப் போலாம்னுதான். தபால்ல போட்டிருக்கலாம்தான். மனசு கேக்கல.

பாருங்க, உங்க வாத்துங்க. அன்னிக்கு என்னைத் தலைதெறிக்க ஓட விட்டுட்டு, படத்துல எவ்வளவு சாதுவா நிக்குதுங்க. இது சேவல். மூஞ்சியத் திருப்பித் திருப்பி அரை நாள் என் உசுர வாங்குச்சு.

இது ஜூன் மாசம். ஆமாக்கா, அதேதான். வேணாம்னா திருப்பிடறேன். பாக்கறீங்களா? சரி.

தெரியும்க்கா. இன்னிக்கு நேத்து இல்ல, அப்பவே தெரியும். மிச்சப் படத்துக்காக மறு வாரம் வந்தேன்ல, பஸ்ஸ விட்டு எறங்கினதுமே கடைக்காரர் சொல்லிட்டார். நான் படம் புடிச்ச அன்னிக்கு சாயங்காலமே பசு பள்ளத்துல உருண்டு செத்துடுச்சு, நிறைமாசம் வேறன்னு. ஒரு முடிச்சு ஒழுங்காப் போடத் தெரியாதவ நீன்னு உங்க வீட்டுக்கார அண்ணன் உங்கள ஊரே கேக்கத் திட்டினாராம். அதோட உங்ககூடப் பேச்சே இல்லையாம். கட்டினேன் கட்டினேன்னு அழுதவங்க, அப்புறம் நீங்களே, கட்டலையோ என்னவோன்னு சொல்ல ஆரம்பிச்சுட்டீங்களாம். அதக் கேட்டுட்டு வந்த பஸ்லயே திரும்பிட்டேன். அஞ்சு மாசம் ஆச்சு. சோறு எறங்குச்சா, தூக்கம் வந்துச்சான்னு கேட்டா, எல்லாம் வந்துச்சுக்கா. அதான் இன்னும் வெக்கமா இருக்கு.

ஆபீஸ்ல இந்தப் படத்தத்தான் தலையில தூக்கி வெச்சு ஆடறாங்க. மேயற மாடுன்னா இப்படி இருக்கணும், வளத்த மாடு மாதிரியே தெரியலங்கறாங்க. எங்க தொழில் அப்படிக்கா. படத்துல உறுத்தறத எல்லாம் எடுத்துடுவோம். வாளி கெடந்தா வாளி, சாக்கு கெடந்தா சாக்கு. முடிஞ்சதும் இருந்தது இருந்தபடி வெச்சுட்டுத்தான் நகரணும். அன்னிக்கு வெளிச்சம் போயிடுமேன்னு அப்படியே வாத்துப் பக்கம் ஓடிட்டேன்.

அண்ணன் பின்னாடிதான இருக்காரு? கூப்பிடுங்க, அவர் காதுலயும் விழட்டும். நீங்க கட்டித்தான்க்கா இருந்தீங்க. ரெண்டு முடிச்சு, நல்லா இறுக்கி. அவுக்கறதுக்குள்ள எனக்கு நகமே பேந்துடுச்சு.