ஃபுல்லில் நின்ற முள்

பெயர்: நாகூர் கனி, த/பெ இப்ராஹீம். வயது: 54. தொழில்: படகுகளில் மின்சாரப் பழுது பார்ப்பது. முகவரி: தெம்பனிஸ் ஸ்திரீட் 81. பேசும் மொழி: தமிழ். மொழிபெயர்ப்பாளர்: திருமதி சங்கீதா. நாள்: 15.07.2025, செவ்வாய்க்கிழமை, காலை மணி 9.40.

மேற்படி முகவரியில் மனைவி ஹலீமாவுடன் வசிக்கிறேன். 13.07.2025 அன்று இதே போலீஸ் அலுவலகத்தில் படகு விபத்து பற்றி ஒரு வாக்குமூலம் கொடுத்தேன். அதில் பொய் சொன்னேன். இன்று யாரும் கூப்பிடாமல் நானாகவே வந்திருக்கிறேன்.

ரமீஸ் என் மனைவியின் தம்பி. புக்கிட் மேராவில் இருக்கிறார். ஒரு நிறுவனத்தின் உல்லாசப் படகில் குடும்பங்களைத் தீவுகளுக்கு ஏற்றிச் செல்வது அவர் வேலை. அந்தப் படகின் எண்ணெய் அளவு காட்டும் கேஜ், டேங்க் நிறைய டீசல் இருந்தாலும் காலி என்றே காட்டியது. நான் இரண்டு முறை போய்ப் பார்த்தும் பழுதைக் கண்டுபிடிக்க முடியவில்லை. அதன் பிறகு ஹஜ்ஜுப் பெருநாள் விருந்தில், எல்லார் முன்னிலையிலும் ரமீஸ், “கேஜ் டாக்டர் வர்றாரு, எல்லாரும் எந்திரிச்சு நில்லுங்க லா!” என்றார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் இருபத்தெட்டு வருடம் இந்த வேலை செய்தவனுக்கு அது சுருக்கென்று தைத்தது.

11.07.2025 வெள்ளிக்கிழமை பகல் சுமார் 12 மணிக்கு மூன்றாவது முறையாகப் படகுத்துறைக்குப் போனேன். டேங்க்குக்குள் ஒரு மிதவை இருக்கும். அதிலிருந்து ஒரு வயர் கேஜுக்குப் போகும். அந்த வயரை எர்த் வயரோடு சேர்த்தால் கேஜின் முள் ஃபுல்லுக்கு ஏற வேண்டும். ஏறினால் கேஜும் வயரும் நல்லவை, கோளாறு மிதவையில் என்று அர்த்தம். இது வெறும் சோதனைதான், பழுது சரியானதாக ஆகாது. இரண்டு முனையிலும் கிளிப் உள்ள ஒரு சிவப்பு வயரால் அவற்றைச் சேர்த்தேன். முள் ஃபுல்லுக்கு ஏறியது.

அந்த நேரம் பார்த்து ரமீஸ் படகில் ஏறினார். “அட, மச்சான்! ஏறிடுச்சே! கில்லாடி லா நீங்க!” என்று என் முதுகில் தட்டினார். இது சோதனை, புது மிதவை திங்கட்கிழமைதான் வரும் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். “நான் கைய வச்சா ஏறாம இருக்குமா?” என்றேன்.

ரமீஸுக்கு ஒரு பழக்கம் உண்டு. புறப்படும் முன் ஒரு மரக்குச்சியை டேங்க்குக்குள் விட்டு, எண்ணெய் எந்தக் கோடு வரை நனைத்திருக்கிறது என்று பார்ப்பார். அந்தக் குச்சியையும் எடுத்துக்கொண்டு, “இனிமே இது எதுக்கு? எங்க வீட்டு ஜன்னல்ல கைக்குட்டை காயப் போட ஆகும்” என்று கேலி செய்து என் வேனில் போட்டேன். அதன் பிறகு கிளிப்பைக் கழற்ற மறந்து ஜும்ஆ தொழுகைக்குக் கிளம்பினேன்.

மறுநாள் 12.07.2025 சனிக்கிழமை காலை சுமார் 8 மணிக்கு ரமீஸ் போன் செய்தார். “மச்சான், போன வாரம் வேற ஆளு ஓட்டுனாரு. எவ்ளோ எண்ணெ இருக்குன்னு தெரியல. முள்ளு ஃபுல்லுங்குது. குச்சியும் உங்ககிட்ட. நம்பிப் போகலாமா?” என்று கேட்டார். தன் மகள் சாதியாவும் கூட வருவதாகச் சொன்னார். சாதியாவுக்கு வயது பன்னிரண்டு. நான், “நான் பாத்த கேஜ் லா, நம்பாம?” என்றேன்.

அதற்குப் பின் நடந்ததை நான் நேரில் பார்க்கவில்லை. சுமார் 11 மணிக்குப் புலாவ் ஹந்து தீவு அருகே டீசல் தீர்ந்து இன்ஜின் நின்றிருக்கிறது. நங்கூரம் பிடிக்காமல் படகு தீவின் கற்சுவர்மேல் மோதி ஒதுங்கியபோது, சாதியா கையை ஊன்றியதில் வலது மணிக்கட்டு முறிந்தது. மற்றவர்களுக்குக் காயம் இல்லை. அதன் பிறகு படகைக் கட்டி இழுத்துவந்து துறையில் விட்டார்கள்.

அன்று மாலை 5 மணிக்கு, படகைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று காவலாளியிடம் சொல்லி உள்ளே போய், சிவப்பு வயரைக் கழற்றிப் பையில் போட்டேன். முள் காலிக்கு விழுந்தது. மறுநாள் சோதனை செய்த அதிகாரிகள் பார்த்தது காலி டேங்க், காலி காட்டும் கேஜ். கேஜ் ஒழுங்காக இருப்பது போல் ஆனது. ஃபுல் காட்டியது என்று உண்மையைச் சொன்ன ரமீஸ் பொய்யரானார். என்னைக் கேட்டபோது, “நான் சரியாகத்தான் செய்து கொடுத்தேன், குச்சி விட்டுப் பார்க்காதது அவர் தவறு” என்றேன். அதன் பிறகு ரமீஸின் படகோட்டும் லைசென்ஸை நிறுத்தி வைத்தார்கள். நிறுவனமும் அவரை வேலைக்கு வர வேண்டாம் என்றது.

நேற்று மாலை திராட்சை வாங்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனேன். சாதியா கட்டுப் போட்ட கையோடு தூங்கிக்கொண்டிருந்தது. ரமீஸ் எழுந்து எனக்கு நாற்காலியைக் கொடுத்தார். பிறகு மெதுவாக, “குச்சி உங்க வேன்ல இருக்குறத நான் போலீஸ்ல சொல்லல மச்சான். போன்ல கேட்டதயும் சொல்லல. எங்க லாத்தா உங்க வீட்டுல நிம்மதியா இருக்கணும். ஆனா முள்ளு ஃபுல்லுலதான் நின்னுச்சு. நீங்களாச்சும் என்னை நம்புறீங்களா?” என்று கேட்டார். அவர் லாத்தா என்றது தன் அக்காவை, என் மனைவியை. அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போல் வெட்கமாக இருந்தது. திராட்சையை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தேன். மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “பழி ஓரிடம், பாவம் ஓரிடமா? சின்னப் புள்ள கை ஒடஞ்சு கெடக்கு” என்றார். இன்று காலை என் அடையாள அட்டையை எடுத்து என் கையில் வைத்தார்.

சிவப்பு வயரையும் குச்சியையும் இப்போது ஒப்படைக்கிறேன். குச்சியில் கத்தியால் கீறிய கோடுகள் உள்ளன. பாதி டேங்க்குக்கு உரிய கோடு மட்டும் நகப்பூச்சால் சிவப்பாக வரையப்பட்டது, அது சாதியா போட்டது. அதிகாரிகள் டேங்க்கை நிரப்பிப் பார்க்கட்டும், முள் காலியிலேயே கிடக்கும். பிறகு இந்த வயரை நான் சொன்னபடி மாட்டிப் பார்க்கட்டும், ரமீஸ் பார்த்ததை அவர்களும் பார்ப்பார்கள்.

மேற்கண்டவை எனக்குத் தமிழில் படித்துக் காட்டப்பட்டன. ஏதாவது மாற்ற வேண்டுமா என்று திருமதி சங்கீதா கேட்டார். ஒரு இடம் மாற்ற வேண்டும் என்றேன். வெள்ளிக்கிழமை “கிளிப்பைக் கழற்ற மறந்து” என்று இருக்கிறது. நான் மறக்கவில்லை. கழற்றினால் ரமீஸ் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முள் கீழே விழும். அதனால் விட்டுவிட்டுப் போனேன். “கழற்ற மறந்து” என்பதை அடித்து, “வேண்டுமென்றே கழற்றாமல்” என்று எழுதச் சொல்லி, பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டேன். இப்போது இதில் உள்ளது அத்தனையும் உண்மை.

(ஒப்பம்)
இ. நாகூர் கனி