அமரர் ஊர்திக்கு நான் போட்ட மெழுகு

மேடையில் அமர்ந்திருக்கும் கார் பராமரிப்போர் சங்கத் தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அண்ணி அவர்களே, வேலையைப் போட்டது போட்டபடி ஈரக்கையோடு வந்திருக்கும் தோழர்களே, வணக்கம்.

இன்று நாம் அஞ்சலி செலுத்த வந்திருக்கிறவருக்கு மெழுகுச் செம்மல் என்று இந்தச் சங்கம் பட்டம் கொடுத்தது. மெழுகார் என்று ஊரே கூப்பிட்டது. எனக்கு அவர் அண்ணன். பதினெட்டு ஆண்டுகள் ஒரே கூரையின் கீழ் கார்களுக்குப் பளபளப்பு ஏற்றினோம். இடப்பக்கம் மெழுகு டப்பாவோடு அவர், வலப்பக்கம் ஸ்ப்ரே பாட்டிலோடு நான். வாசலில் ஒரு வண்டி நுழைந்தால் போதும், எங்கள் வாய்ச்சண்டை தொடங்கிவிடும். "கொசு மருந்து மாதிரி புஸ்ஸு புஸ்ஸுன்னு அடிச்சிட்டு, இதுக்குப் பேரு வேலையாடா?" என்பார். "நீங்க அரை நாள் தேய்ச்சது ரெண்டு மாசத்துல போயிடும். நான் இருபது நிமிஷத்துல அடிச்சது ஆறு மாசம் நிக்கும்" என்பேன்.

யார் சொன்னது சரி? இருவர் சொன்னதும் சரிதான். அவர் மெழுகு போட்ட கறுப்புக் காரில் முகம் பார்த்துத் தலை சீவலாம். என் ஸ்ப்ரேயில் அந்த ஆழம் வராது. ஆனால் வெயிலிலும் மழையிலும் தெருவிலேயே கிடக்கும் வண்டிக்கு ஸ்ப்ரேதான் தாங்கும். இது அவருக்கும் தெரியும். அப்படி வண்டியைத் தெருவில் விடுகிறவர் வந்தால், "உங்களுக்கு அவன்தான் சரி, அந்தப் பக்கம் போங்க" என்று என்னிடம் அனுப்பியவர் அவர். நான் ஒருவரையாவது அவரிடம் அனுப்பினேனா? இல்லை. அதையும் இந்த மேடையிலேயே சொல்லிவிடுகிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு மருத்துவர் அவருடைய இதயத்தைப் பரிசோதித்துவிட்டு, தேய்க்கிற வேலை இனி கூடவே கூடாது என்றார். அண்ணி என்னிடம் வந்தார். "நீங்க சொன்னாத்தான் கேப்பாரு தம்பி. அந்த ஸ்ப்ரேயவே அவருக்கும் குடுங்களேன்." நான் போய்ச் சொன்னேன். அண்ணன் சிரித்தார். "சரிடா, மாறிக்கிறேன். ஒரே ஒரு காருக்கு நீ உன் கையால மெழுகு போடு. அன்னிக்கே நான் பாட்டில எடுக்கிறேன்."

அரை நாள் வேலை, தோழர்களே. அவர் கேட்டது அவ்வளவுதான். நான் ஏன் செய்யவில்லை? நேரமில்லை என்று சொன்னேன். உண்மையில் அது வீம்பு. அந்த டப்பாவைத் தொட்டால் தோற்றுப்போனதாக ஆகிவிடும் என்று நினைத்தேன். அவரும் வீம்பில் எனக்குக் குறைந்தவர் அல்ல. போன மாதம், ஒரு காரின் கூரையைத் தேய்த்துக்கொண்டிருந்தவர் கையில் பிடித்த துணியோடு சரிந்தார்.

மறுநாள் அவரை ஏற்றிச் செல்ல அமரர் ஊர்தி வந்து நின்றது. புழுதி படிந்த கறுப்பு வண்டி. கழுவிவிட்டு, அவருடைய டப்பாவை எடுத்தேன். கடைசியாகவாவது கேட்டதைச் செய்வோம் என்று பானெட் முழுக்கப் பூசினேன். அப்போது உச்சி வெயில். நிழலில் நிறுத்தி, தகடு ஆறிய பிறகுதான் மெழுகு போட வேண்டும் என்று பதினெட்டு ஆண்டுகளாக அவர் சொன்னது என் காதில் விழுந்ததே தவிர மண்டையில் ஏறவில்லை. சூடேறிய தகட்டில் மெழுகு இறுகி, வெள்ளை வெள்ளையாகத் திட்டுப் பிடித்துக்கொண்டது. தேய்த்துப் பார்த்தேன், போகவில்லை. பதற்றத்தில் என் ஸ்ப்ரேயை அதன் மேலேயே அடித்தேன். மெழுகின் மேல் அது ஒட்டுமா? இன்னும் அலங்கோலமானது. அண்ணி வந்து என் கையைப் பிடித்தார். "விடுங்க தம்பி. நேரமாச்சு."

கார்களையே கண்ணாடியாக்கிய மெழுகுச் செம்மல் அந்த வண்டியில்தான் போனார்.

அவர் பணியைத் தொடர்வோம் என்று உறுதியெடுக்கச் சொல்லித் தலைவர் என்னை அழைத்தார். மன்னிக்க வேண்டும். எந்தக் கையால் நான் தொடர்வது? நேற்று அந்த ஊர்தி வேறு யாரையோ ஏற்றிக்கொண்டு கடை வழியே போனது. என் திட்டுகள் அப்படியே இருந்தன. இறுகிய மெழுகைப் புது மெழுகு பூசித்தான் இளக்கி எடுக்க வேண்டும் என்பார் அண்ணன். டப்பாவின் அடியில் இன்னும் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. நாளைக் காலை ஊர்தியைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். நிழலில் நிறுத்தி, தகடு ஆறும்வரை காத்திருப்பேன். என்னால் எடுக்க முடிந்த உறுதி இது ஒன்றுதான். திட்டுகள் போகும் என்ற நம்பிக்கை எனக்கில்லை. போனாலும், பாட்டிலை எடுக்க அண்ணன் வரப்போவதில்லை.